நோயில்லாதவர் மூளையில் மறதி மருந்து

மறதிநோய்க்கென்று புதிதாக ஒரு மருந்து உருவானால் அதை முதலில் விழுங்குபவருக்கு மறதிநோய் இருப்பதில்லை. நல்ல உடல்நிலையோடு, பெரும்பாலும் இளம் வயதில், ஓர் ஆய்வுக்கூடத்துக்குத் தாமாக முன்வந்த ஒருவரே அதை விழுங்குகிறார். அவர் தலையில் மின்முனைகளை ஒட்டி மூளை மின்னலைகளைப் பதிகிறார்கள். ஸ்கேன் எந்திரத்துக்குள் படுக்கவைத்து முகங்களைக் காட்டுகிறார்கள்; சிறிது நேரம் கழித்து, இவற்றில் எதைப் பார்த்தீர்கள் என்று கேட்கிறார்கள். மருந்து கொடுத்த நாளின் பதிவையும் போலி மாத்திரை கொடுத்த நாளின் பதிவையும் அருகருகே வைத்து ஒப்பிடுகிறார்கள். நோயே இல்லாத மூளையில் நோய்க்கான மருந்து என்ன செய்கிறது என்று பார்க்கும் இந்த வழக்கத்துக்கு ஒன்றரை நூற்றாண்டு வரலாறு உண்டு. அந்த வரலாற்றில் இரண்டு கேள்விகள் தொடர்ந்து ஒன்றோடொன்று குழம்பிக் கிடக்கின்றன. மருந்து மூளையைச் சென்றடைந்ததா, எந்த அளவில் அடைந்தது, அங்கே எதைத் தொட்டது என்பது முதல் கேள்வி. இந்த மருந்தால் நோயாளிக்குப் பயன் உண்டா என்பது இரண்டாவது. முதல் கேள்விக்கு நலமான மூளை நம்பகமாகப் பதில் சொல்லி வந்திருக்கிறது. இரண்டாவது கேள்விக்கு அதனிடம் பதில் இல்லை. ஆனாலும் அதனிடமே அதைத் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார்கள். இந்தக் குழப்பத்தைப் பிரித்துப் பார்க்காமல் இத்துறையின் வெற்றிகளையோ தோல்விகளையோ புரிந்துகொள்ள முடியாது என்பது என் வாதம்.

வரலாறு ஒரு விஷ விதையில் தொடங்குகிறது. இன்றைய நைஜீரியாவின் கலபார் பகுதியில் எஃபிக் மக்கள், குற்றம் சாட்டப்பட்டவருக்கு ஒரு கொடியின் விதையைக் கொடுத்து உண்மையைச் சோதித்தார்கள். வாந்தியெடுத்துப் பிழைத்தவர் நிரபராதி, செத்தவர் குற்றவாளி. அந்த விதை ஸ்காட்லாந்துக்கு வந்து சேர்ந்தபோது, எடின்பரோவில் நஞ்சியல் அறிஞராக இருந்த ராபர்ட் கிறிஸ்டிசன் 1855இல் அதைத் தாமே தின்று பார்த்தார். முதல் நாள் இரவு கொஞ்சம் தின்றார். பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் காலை அளவைக் கூட்டினார். தலை சுற்றியது, கைகால் துவண்டது. நிலைமை கைமீறுகிறது என்று தெரிந்ததும், சவரம் செய்ய வைத்திருந்த தண்ணீரை எடுத்துக் குடித்து வயிற்றில் இருந்ததை வெளியே கொண்டுவந்தார். பிழைத்தெழுந்து எல்லாவற்றையும் எழுதிவைத்தார். 1864இல் அந்த விதையிலிருந்து ஃபைசோஸ்டிக்மைன் என்ற வேதிப்பொருள் பிரித்தெடுக்கப்பட்டது. நரம்பணுக்கள் தமக்குள் செய்தி கடத்தப் பயன்படுத்தும் அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதி ஒன்று உண்டு. அந்த நொதியை ஃபைசோஸ்டிக்மைன் முடக்குகிறது என்பது 1920களில் ஆட்டோ லோவி செய்த ஆய்வுகளில் தெரியவந்தது. நொதி முடங்கினால் அசிட்டைல்கோலின் கூடுதல் நேரம் தங்கி வேலை செய்யும். இன்று அல்சைமர் நோயாளிகளுக்கு எழுதித் தரப்படும் டொனெபெசில், ரிவாஸ்டிக்மைன், கேலன்டமைன் ஆகிய மூன்றும் செய்யும் அடிப்படை வேலை இதுதான். ரிவாஸ்டிக்மைனின் மூலக்கூறு வடிவமே ஃபைசோஸ்டிக்மைனைப் பார்த்து அமைத்தது.

இதற்கு நேர் எதிரான மருந்தின் கதையும் நலமானவர்களிடம்தான் தொடங்கியது. ஊமத்தையில் இருக்கும் ஸ்கோபோலமைன் அசிட்டைல்கோலினின் வேலையைத் தடுக்கும் பொருள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் நகர மகப்பேறு மருத்துவமனையில் கார்ல் காஸ் என்ற மருத்துவர் பிரசவ வேளையில் பெண்களுக்கு மார்ஃபினோடு சேர்த்து இதைக் கொடுத்தார். வலி முழுக்கப் போய்விடவில்லை. பிரசவத்துக்குப் பிறகு வலி இருந்த நினைவு இல்லாமல் போனது. காஸ் அளவை நிர்ணயித்த விதம் கவனிக்கத்தக்கது. ஊசி போட்ட பிறகு அந்தப் பெண்ணிடம் ஏதோ ஒரு பொருளைக் காட்டுவார். அரைமணி நேரம் கழித்து அதே பொருளை மறுபடி காட்டி, இதை முன்பு பார்த்தீர்களா என்று கேட்பார். பார்த்ததாகச் சொன்னால் இன்னும் கொஞ்சம் மருந்து. பார்த்ததில்லை என்றால் போதும். மூளைக்குள் மருந்து எந்த அளவுக்கு வேலை செய்கிறது என்பதை அவர் நினைவாற்றலைக் கொண்டே அளந்தார். கருவி ஏதும் இல்லை. ஆனாலும் அது சரியான கேள்விக்கான சரியான அளவுகோல். மருந்து சேர வேண்டிய இடத்தை அடைந்ததா என்று மட்டுமே அது கேட்டது. பிற்காலத்து ஆய்வுக்கூடங்கள் விலையுயர்ந்த கருவிகளை வைத்துக்கொண்டும் இந்த நிதானத்தைப் பலமுறை இழந்தன.

கருவி வந்தது யேனா நகரில். அங்கே மனநல மருத்துவராக இருந்த ஹான்ஸ் பெர்கர் 1924இல் மனித மூளையின் மின்னலையை முதன்முதலாகப் பதிந்தார். ஐந்தாண்டு தயக்கத்துக்குப் பிறகு 1929இல் வெளியிட்டார். கண்ணை மூடி அமைதியாக இருப்பவரின் மண்டையில் விநாடிக்குப் பத்து முறை எழுந்து தாழும் ஓர் அலை தெரியும். கண்ணைத் திறந்தால், அல்லது கண்ணை மூடியபடியே ஒரு கணக்கைப் போடச் சொன்னால், அந்த அலை அடங்கிவிடும். தம் மகன் கிளவுஸின் தலையிலும் அவர் பலமுறை இதைப் பதிந்தார். ஆல்ஃபா என்ற பெயர் பெர்கர் இட்டது. குளோரோஃபார்ம், கோகெயின் போன்றவை இந்த அலைகளை எப்படி மாற்றுகின்றன என்பதையும் அவரே பார்த்தார். ஜெர்மனியில் அவர் சொன்னதைப் பெரிதாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. 1934இல் கேம்பிரிட்ஜில் ஏட்ரியனும் மாத்யூஸும் செய்துகாட்டிய பிறகே உலகம் நம்பியது. மருந்து கொடுத்தால் மூளையில் நிகழ்வதைக் காகிதத்தில் கோடாகப் பார்க்கலாம் என்ற ஆசை அப்போது பிறந்தது. அந்த ஆசைக்கு முதல் எச்சரிக்கை 1952இல் வந்தது. அமெரிக்காவின் லெக்சிங்டன் நகரில் ஏப்ரகாம் விக்லர் நாய்களுக்கு அட்ரோபின் கொடுத்தார். இதுவும் அசிட்டைல்கோலினைத் தடுக்கும் மருந்து. நாய்களின் மூளை மின்னலைகள் ஆழ்ந்த தூக்கத்தில் இருப்பதுபோல் மெதுவாயின. நாய்களோ விழித்திருந்தன, பரபரப்பாகவும் இருந்தன. அலையும் நடத்தையும் தனித்தனி வழியில் போகக்கூடும் என்பதை அந்த ஆய்வு ஐயமின்றிக் காட்டியது. கோட்டில் மாற்றம் இருந்தால் மருந்து மூளைக்குள் வந்துவிட்டது என்று அர்த்தம். அதனால் அந்த உயிருக்கு என்ன ஆகிறது என்று தெரிந்துகொள்ள அந்த உயிரைத்தான் பார்க்க வேண்டும்.

மறதிநோயோடு இந்த வழக்கம் நேரடியாக இணைந்தது 1974இல். டேவிட் டிராக்மனும் ஜேனட் லெவிட்டும் நலமான இளைஞர்களுக்கு ஸ்கோபோலமைன் ஊசி போட்டு நினைவாற்றலைச் சோதித்தார்கள். சில எண்களைச் சொன்னவுடன் திருப்பிச் சொல்வதில் அவர்களுக்குச் சிரமம் இல்லை. நீளமான பட்டியலை மனத்தில் இருத்திப் பிறகு சொல்ல வேண்டியபோது தடுமாறினார்கள். மருந்தே எடுக்காத முதியவர்களிடம் காணப்படும் தடுமாற்றத்தின் சாயல் அதில் இருந்தது. இந்த ஆய்வின் அமைப்பு இன்றும் பாராட்டத்தக்கது. ஸ்கோபோலமைனின் உறவுப்பொருள் ஒன்று உண்டு. உடலின் மற்ற பாகங்களில் அதே வேலையைச் செய்யும், வாயை வறளவைக்கும், ஆனால் மூளைக்குள் எளிதில் நுழையாது. அதையும் ஒரு குழுவுக்குக் கொடுத்தார்கள். நினைவு கெடவில்லை. ஆக, கெடுத்தது மூளைக்குள் நடந்த ஒன்று. வெறும் தூக்கக் கலக்கத்தால் வந்த மறதி என்று யாரும் சொல்லலாமே என்ற எதிர்ப்புக்கும் டிராக்மன் 1977இல் பதில் வைத்தார். ஸ்கோபோலமைனால் கெட்ட நினைவை ஃபைசோஸ்டிக்மைன் மீட்டது. தூக்கத்தை விரட்டும் ஆம்ஃபெட்டமைன் மீட்கவில்லை. இதே காலத்தில், 1976ஐ ஒட்டி, எடின்பரோவிலும் நியூகாசிலிலும் லண்டனிலும் அல்சைமரால் இறந்தவர்களின் மூளைத் திசுவில் அசிட்டைல்கோலினை உருவாக்கும் நொதி பெருமளவு குறைந்திருப்பதைத் தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள். உயிரோடு இருக்கும் நலமானவரிடம் கிடைத்த சான்றும் இறந்த நோயாளியிடம் கிடைத்த சான்றும் ஒரே பொருளைச் சுட்டின. அசிட்டைல்கோலின் குறைவே மறதிக்கு முக்கியக் காரணம் என்ற கருதுகோள் 1980களின் தொடக்கத்தில் நிலைபெற்றது இப்படித்தான்.

அங்கிருந்து ஒரு குறுக்குவழி திறந்தது. ஸ்கோபோலமைன் கொடுத்து நலமானவரை ஒரு மாலைப்பொழுதுக்கு மறதிக்காரராக்கலாம். அவர் மீது புதிய மருந்தைச் சோதித்து, மறதி நீங்கினால் மருந்து நல்ல மருந்து என்று சொல்லலாம். ஸ்கோபோலமைன் கொடுத்தவரின் மின்னலையில் ஆல்ஃபா குறைந்து மெதுவலைகள் கூடும்; அல்சைமர் நோயாளியின் பதிவிலும் அலைகள் மெதுவாகும். இரண்டும் ஒன்றுபோலத் தெரிவது இந்த நம்பிக்கைக்கு மேலும் உரமூட்டியது. ஆனால் இதற்குள் ஒரு வட்டம் ஒளிந்திருக்கிறது. அசிட்டைல்கோலினைத் தடுத்து உண்டாக்கிய மறதியை அசிட்டைல்கோலினைக் கூட்டும் மருந்து நீக்கும் என்பதில் வியப்பில்லை. அந்தச் சோதனையில் தேறும் மருந்துகள் எல்லாம் ஒரே இனத்தைச் சேர்ந்தவையாகவே இருக்கும். நோயாளியின் மூளையில் நரம்பணுக்களே செத்துக்கொண்டிருக்கின்றன. முன்வந்தவரின் மூளையில் அசிட்டைல்கோலினை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள் சில மணி நேரம் அடைபட்டிருக்கின்றன, அவ்வளவுதான். அதிலும் ஸ்கோபோலமைன் தடுப்பது அசிட்டைல்கோலின் ஏற்பிகளில் ஒரு வகையை மட்டும். நெதர்லாந்தின் லைடன் நகர ஆய்வாளர்கள் பிற்பாடு மெகமைலமைன் கொடுத்து இன்னொரு வகையான நிகோட்டின் ஏற்பிகளைத் தடுத்துப் பார்த்தது இந்தக் குறையை உணர்ந்ததால்தான். அவர்கள் கேட்டது எளிய கேள்வி: இந்தப் புதிய மருந்து நிகோட்டின் ஏற்பியை உண்மையிலேயே போய்ச் சேர்கிறதா? அந்த அளவில் அந்தச் சோதனை நேர்மையானது.

மின்னலைகளின் பக்கம் திரும்பினால் நம்பிக்கை இன்னும் பெரிதாக வளர்ந்ததைப் பார்க்கலாம். 1960களில் கணினி வந்ததும், காகிதத்தில் கண்ணால் பார்த்துச் சொன்ன நிலை மாறி, ஒவ்வொரு அலைவரிசையிலும் எவ்வளவு ஆற்றல் என்று எண்ணாக எடுக்க முடிந்தது. மேக்ஸ் ஃபிங்க், துரான் இடில் ஆகியோர் ஒவ்வொரு மருந்து இனத்துக்கும் நலமானவர் மூளையில் தனி முத்திரை இருக்கிறது என்றார்கள். பதிவு எடுக்கும் முறையும் நுட்பமானது. இருட்டறையில் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பவர் சில நிமிடங்களில் கண்ணயரத் தொடங்குவார். கண்ணயர்ந்தால் ஆல்ஃபா தானே குறைந்துவிடும், மருந்தின் மாற்றமா தூக்கத்தின் மாற்றமா என்று பிரிக்க முடியாது. எனவே கோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்து, அலை தளர்ந்தவுடன் ஒலி எழுப்பி அவரை விழிக்கவைத்துப் பதிவைத் தொடர்வார்கள். 1972இல் இடில் இந்த முறைக்குப் பெரிய வெற்றியைத் தேடித் தந்தார். வேறு நோய்க்கென்று உருவான மியான்செரின் என்ற மருந்து மனச்சோர்வுக்கு உதவும் என்று நலமானவர்களின் மின்னலைகளை வைத்தே முன்கூட்டிச் சொன்னார். நோயாளிகளிடம் அது உண்மையானது.

என் வாதத்துக்கு எதிராக வைக்கத்தக்க மிக வலுவான சான்று மியான்செரின்தான். நலமான மூளை நோயாளிக்கான பயனை முன்னறிவித்ததே, பிறகென்ன என்று கேட்கலாம். அந்த முன்னறிவிப்பு எதைச் சார்ந்திருந்தது என்று பார்த்தால் பதில் தெரியும். மியான்செரினின் முத்திரை அமிட்ரிப்டிலினின் முத்திரையை ஒத்திருந்தது. அமிட்ரிப்டிலின் மனச்சோர்வை நீக்கும் என்பது நோயாளிகளிடம் ஏற்கெனவே நிறுவப்பட்ட உண்மை. பயன் தரும் மருந்து ஒன்று கையில் இருந்ததால் அதைப் போன்ற இன்னொன்றை அடையாளம் காண முடிந்தது. 1993 வரை அல்சைமர் நோய்க்கென்று அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற மருந்து ஒன்றுகூட இல்லை. ஒப்பிட அசல் இல்லாத இடத்தில் ஒப்புமைக்கு என்ன பொருள்? அதற்குப் பதிலாக வேறு ஓர் அளவுகோலை வைத்தார்கள். முதுமையில் ஆல்ஃபா மெதுவாகிறது, மெதுவலைகள் கூடுகின்றன. இதற்கு எதிர்த்திசையில் அலைகளைத் தள்ளும் மருந்து நினைவுக்கு நல்லதாக இருக்க வேண்டும் என்று கொண்டார்கள். 1964இல் பெல்ஜியத்தில் உருவான பிராசிட்டம் இந்த வகையின் முன்னோடி. வியன்னாவில் பெர்ன்ட் சலேட்டு குழுவினர், முன்வந்தவர்களுக்கு ஆக்சிஜன் குறைந்த காற்றைச் சுவாசிக்கக் கொடுத்து மின்னலைகளை மெதுவாக்கி, இத்தகைய மருந்துகள் அதைச் சரிசெய்கின்றனவா என்று பார்த்தார்கள். மருந்துகள் அலைகளை மாற்றின என்பதில் ஐயமில்லை. ஆனால் நோயாளிகளிடம் நடந்த பரிசோதனைகளை ஒன்றுதிரட்டிப் பார்த்த கோக்ரேன் மதிப்பீடு, மறதிநோய்க்குப் பிராசிட்டம் தரப் போதிய ஆதாரமில்லை என்றே முடிவுசெய்தது.

கிங்கோ இலைச் சாற்றின் கதை இதைவிடத் தெளிவானது. 1996இல் இடில் குழுவினர் நலமான இளைஞர்களுக்கு அதைக் கொடுத்து மின்னலைகளைப் பதிந்தபோது ஆல்ஃபா கூடியது. அந்த முத்திரை டாக்ரின் முதலிய மறதி மருந்துகளின் முத்திரையை ஒத்தது என்று எழுதினார்கள். 2008இல் அமெரிக்காவில் 75 வயதும் அதற்கு மேலுமான 3,069 பேரிடம் நடந்த பெரிய ஆய்வின் முடிவு வந்தது. ஒரு பாதிக்கு நாளுக்கு இருமுறை 120 மில்லிகிராம் கிங்கோ, மறு பாதிக்குப் போலி மாத்திரை என ஆண்டுக்கணக்கில் கொடுத்துப் பார்த்ததில் மறதிநோய் வருவதை கிங்கோ குறைக்கவில்லை. இந்த ஒப்பீட்டில் ஒரு நியாயமான மறுப்பு உண்டு: 2008 ஆய்வு நோயைத் தடுக்குமா என்று கேட்டது, வந்த நோயின் அறிகுறியைத் தணிக்குமா என்று கேட்கவில்லை. ஒப்புக்கொள்கிறேன். அந்த மறுப்பே நான் சொல்வதற்கு வலுச் சேர்க்கிறது. தடுத்தல், தணித்தல், வேகம் குறைத்தல் என்று நோயாளியின் பயனுக்குள்ளேயே பல கேள்விகள் இருக்கின்றன. ஒரு பிற்பகலில் எடுத்த ஆல்ஃபா அலைப் பதிவு அவற்றில் எதற்கும் விடையாக முடியாது.

உண்மையில் சந்தைக்கு வந்த மருந்துகள் எந்த வழியாக வந்தன என்று பார்ப்பதும் பயன் தரும். டாக்ரின் 1940களில் ஆஸ்திரேலியாவில் ஏட்ரியன் ஆல்பர்ட் உருவாக்கிய பழைய பொருள். 1986இல் வில்லியம் சம்மர்ஸ் 17 நோயாளிகளிடம் கண்டதாக வெளியிட்ட முன்னேற்றம்தான் அதை முன்னுக்குக் கொண்டுவந்தது. அந்த ஆய்வின் தரத்தை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு பின்னர் கடுமையாக விமர்சித்தது. பெரிய பரிசோதனைகளுக்குப் பிறகு 1993இல் ஒப்புதல் தந்தது. டாக்ரின் கல்லீரலைப் பாதித்ததால் நிலைக்கவில்லை. ஜப்பானின் எய்சாய் நிறுவனத்தில் ஹச்சிரோ சுகிமோட்டோ உருவாக்கிய டொனெபெசில் 1996இல் வந்தது. அவருடைய தாயே மறதிநோயால் அவதிப்பட்டவர். கேலன்டமைன் பல்கேரியாவில் தசைநரம்புக் கோளாறுகளுக்குப் பயன்பட்டுவந்தது. மெமன்டைன் முதலில் சர்க்கரை நோய்க்கான தேடலில் உருவானது. இவற்றில் எதையும் நலமானவரின் மூளை அலை கண்டெடுக்கவில்லை. இறந்த மூளைகளின் வேதியியலும் நோயாளிகளிடம் நடந்த பரிசோதனைகளும்தான் இவற்றை அடையாளம் காட்டின. கிடைத்த பயனும் சிறிது: 70 புள்ளி கொண்ட சோதனை அளவுகோலில் இந்த நொதித்தடுப்பு மருந்துகள் தரும் வித்தியாசம் சராசரியாக மூன்று புள்ளிக்கும் குறைவு. இந்தச் சிறிய பயனுக்காகக்கூட இத்தனை குடும்பங்கள் ஏங்கி நிற்கின்றன என்பதால்தான், எந்தச் சான்று எதைக் காட்டும் என்பதில் கறாராக இருப்பது அவர்களுக்குச் செய்ய வேண்டிய குறைந்தபட்சக் கடமையாகிறது.

ஸ்கேன் காலம் வந்தபோது நலமான மூளை தன் உண்மையான மதிப்பைக் காட்டியது. அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனங்களில் மௌரா ஃபியூரியும் சக ஆய்வாளர்களும் நலமானவர்களுக்கு ஃபைசோஸ்டிக்மைன் செலுத்தி, ஒரு முகத்தைச் சில விநாடிகள் நினைவில் வைத்துப் பிறகு அடையாளம் காட்டச் சொன்னார்கள். 1997இல் வெளியான முடிவு பலரும் எதிர்பாராதது. அவர்கள் வேகமாகப் பதில் சொன்னார்கள். ஆனால் நெற்றிப்பகுதியின் செயல்பாடு கூடவில்லை, குறைந்தது. எவ்வளவு குறைந்ததோ அந்த அளவுக்கு வேகம் கூடியது. 2000இல் அதே குழு எம்.ஆர்.ஐ.யில் தொடர்ந்தபோது காரணமும் ஓரளவு துலங்கியது. முகத்தைப் பார்க்கும் கட்டத்திலேயே பார்வைப் பகுதிகள் அதைக் கூர்மையாகப் பதிந்துகொண்டன. எனவே பிறகு நெற்றிப்பகுதி அதிகம் உழைக்க வேண்டியிருக்கவில்லை. மூளைச் செயல்பாடு கூடினால் நல்லது என்ற எளிய எண்ணத்தை இந்த ஆய்வு தகர்த்தது. அசிட்டைல்கோலின் மருந்து நினைவுக் கிடங்கை நிரப்பும் மருந்து என்பதைவிட, கவனத்தைக் கூர்மையாக்கும் மருந்து என்ற புரிதலும் இத்தகைய பதிவுகளில்தான் உருவானது. நோயாளியின் மூளையில் இதைக் கண்டிருக்க முடியாது. அங்கே எந்த மாற்றம் நோயால், எந்த மாற்றம் மருந்தால் என்று பிரிக்க இயலாதபடி எல்லாம் கலந்து கிடக்கும்.

இங்கே துறை அறிந்தவர்கள் எழுப்பும் மறுப்பு ஒன்று கனமானது. எம்.ஆர்.ஐ. நரம்பணுவை நேராகப் பார்ப்பதில்லை. அதன் வேலைக்கு ஏற்பப் பாயும் ரத்தத்தின் ஆக்சிஜன் மாற்றத்தைப் பார்க்கிறது. அசிட்டைல்கோலினோ ரத்த நாளங்களையே விரிக்கக்கூடியது. நரம்பணு சும்மா இருந்தாலும் மருந்து நாளத்தை விரித்துப் படத்தை மாற்றியிருக்கலாமே? இதற்கு முழுமையான பதில் ஒரு கருவியால் வராது. ஆனால் ஃபியூரியின் ஆய்வில் மாற்றம் மூளை முழுதும் ஒரே சீராக வரவில்லை. ஓரிடத்தில் கூடி, ஓரிடத்தில் குறைந்து, செய்த வேலையின் கட்டத்துக்கு ஏற்ப மாறியது. நாளங்கள் பொதுவாக விரிந்திருந்தால் அப்படி ஆகியிருக்காது. மின்னலைப் பதிவு ரத்த ஓட்டத்தைச் சாராதது என்பதால், இரண்டையும் ஒரே நபரிடம் எடுத்துச் சேர்த்துப் பார்ப்பது இந்த ஐயத்தைக் குறைக்கும் வழி.

அப்படிச் சேர்த்துப் பார்த்த ஆய்வுகளில் ஒன்று 2011இல் டப்ளினின் டிரினிட்டி கல்லூரியிலிருந்து வந்தது. நலமான முதியவர்களுக்கு டொனெபெசில் கொடுத்தார்கள். அவர்களுடைய நினைவாற்றல் கெட்டது. மாறாக, 2005இல் ஜெர்மனியில் கியோர்க் க்ரோன் குழுவினர் நலமான இளைஞர்களுக்கு ஒரு மாதம் அதே மருந்தைக் கொடுத்தபோது நினைவாற்றல் சற்றுக் கூடியிருந்தது. 2002இல் ஸ்டான்ஃபோர்டின் ஜெரோம் யெசவேஜ் 18 விமானிகளுக்கு ஒரு மாதம் கொடுத்து, பறத்தல் பயிற்சிப் பொறியில் கற்றதை அவர்கள் நன்றாக நினைவில் வைத்திருந்ததாக எழுதினார். ஒரே மருந்து சிலருக்குக் கூட்டுகிறது, சிலருக்குக் குறைக்கிறது. சிறிய குழுக்களில் தற்செயலுக்கும் இடம் உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனாலும் பரவலாக ஏற்கப்படும் விளக்கம் ஒன்று இருக்கிறது. ரசத்துக்கு உப்பு போல, அசிட்டைல்கோலினுக்கும் ஒரு பதம் உண்டு. குறைவாக இருக்கும் மூளைக்கு ஊட்டினால் மேம்படும், பதமாக இருக்கும் மூளைக்கு மேலும் ஊட்டினால் கெடும். இது சரியென்றால், நோயாளிக்கு மிகவும் உதவக்கூடிய மருந்து நலமானவரைக் கெடுக்கவும் கூடும். நலமானவரிடம் முன்னேற்றம் காட்டாததால் ஒரு மருந்தைக் கைவிடுவதும் தவறு, காட்டியதால் கொண்டாடுவதும் தவறு.

அப்படியானால் இந்தச் சோதனைகளே எதற்கு, நேரடியாக நோயாளிகளிடம் போகலாமே என்ற கேள்வி எழும். அதற்கு டேவிட் கூல் மிச்சிகனில் செய்த அளவீட்டைப் பார்க்க வேண்டும். 2000ஆம் ஆண்டையொட்டி அவர் பெட் ஸ்கேன் மூலம் டொனெபெசில் எடுக்கும் நோயாளிகளின் மூளையிலேயே நொதி எவ்வளவு முடங்குகிறது என்று அளந்தார். ரத்தத்தை வைத்துக் கணித்ததைவிட மிகக் குறைவாக, மூளைப் புறணியில் சராசரியாகச் சுமார் 27 சதவீதம்தான் முடங்கியிருந்தது. மருந்து சந்தைக்கு வந்து லட்சக்கணக்கானோர் விழுங்கத் தொடங்கிய பிறகு தெரியவந்த உண்மை இது. மருந்தால் பெரிய பயன் இல்லை என்றபோது, கருதுகோள் தவறா அல்லது மருந்து போதுமான அளவு சேரவே இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாத நிலை இருந்தது. முதல் கேள்வியை முதலிலேயே கேட்காததன் விலை அதுதான். அதை மலிவாகக் கேட்கவும் வழி இருக்கிறது. ரோமில் வின்சென்சோ டி லாசாரோ 2000இல் காட்டிய முறையில், முன்வந்தவரின் மணிக்கட்டு நரம்பில் மெல்லிய மின்தூண்டல் தருவார்கள். ஒரு விநாடியின் ஐம்பதில் ஒரு பங்கு நேரம் கழித்துத் தலைக்கு மேலிருந்து காந்தத் துடிப்பு தருவார்கள். முதலில் வந்த தொடுசெய்தி, காந்தத் துடிப்பால் கைத்தசையில் எழும் துள்ளலை அடக்கும். ஸ்கோபோலமைன் கொடுத்தால் அந்த அடக்கம் தளர்கிறது. அல்சைமர் நோயாளிகளிடம் மருந்தே இல்லாமல் அது தளர்ந்திருக்கிறது. நினைவைப் பற்றியோ பயனைப் பற்றியோ இது எதுவும் சொல்வதில்லை. அசிட்டைல்கோலின் பாதை வேலை செய்கிறதா, மருந்து அதைத் தொட்டதா என்று மட்டும் சொல்கிறது. மருந்தளவைத் தேர்ந்தெடுக்க வேண்டியவருக்குத் தேவைப்படுவது இதுவே.

முன்வந்தவரின் பாதுகாப்பைப் பற்றிய மறுப்பை ஒதுக்கிவிட்டுப் போக முடியாது. மேரிலாந்தின் எட்ஜ்வுட் ராணுவத் தளத்தில் 1955 முதல் 1975 வரை ஆயிரக்கணக்கான அமெரிக்க வீரர்களிடம் ரசாயனப் பொருள்களைச் சோதித்தார்கள். ஸ்கோபோலமைன் வகைப் பொருள்களும் அவற்றில் இருந்தன. அவர்களும் தன்னார்வலர்கள் என்றே அழைக்கப்பட்டார்கள். எதிரியைச் செயலிழக்கவைக்கும் ஆயுதத்துக்காக அந்தச் சோதனை என்பது அவர்களுக்கு முழுமையாகச் சொல்லப்படவில்லை. 2016இல் பிரான்சின் ரென் நகரில், மறதியோடு தொடர்பில்லாத வேறொரு மருந்தின் முதற்கட்டச் சோதனையில், நலமாக வந்த ஒருவர் மூளை பாதிக்கப்பட்டு இறந்தார். நோயாளி தனக்கு ஏதேனும் நன்மை கிடைக்கலாம் என்ற எதிர்பார்ப்போடு ஆபத்தை ஏற்கிறார். நலமானவருக்கு அந்த எதிர்பார்ப்பும் இல்லை. ஆகவே அவரிடமிருந்து பெறும் தகவல் வேறு எங்கும் பெற முடியாததாக இருந்தால்தான் அந்த ஆபத்துக்கு நியாயம் உண்டு. மருந்தின் அளவும் இடமும் அப்படிப்பட்ட தகவல். மறதிநோய் முற்றியவரால் இத்தகைய சோதனைக்குத் தெளிந்த சம்மதம் தரவும் முடியாது; அந்தச் சுமையைச் சம்மதம் தரக்கூடியவர் ஏற்பது ஓர் உண்மையான கொடை. ஆனால் அவரிடம் நீட்டப்படும் சம்மதப் படிவத்தில் இந்த ஆய்வு மறதிநோய்க்கு மருந்து காண உதவும் என்று மட்டும் எழுதியிருந்தால் அது பாதி உண்மை. இந்தப் பொருள் உங்கள் மூளையை எந்த அளவில் எட்டுகிறது என்று அறியவே இந்தச் சோதனை, நோயாளிகளுக்கு உதவுமா என்பதை இதிலிருந்து சொல்ல முடியாது என்றும் அதே எழுத்தளவில் அங்கே எழுதியிருக்க வேண்டும்.